ஆறு தாடிகளும் ஆறு பெயர்ப்பலகைகளும்

ஆறு பித்தளைப் பெயர்ப்பலகைகள் அவர் சட்டைப் பையில் இருந்தன. ஃப்ரேமுக்குள் இருந்த ஆறு தாடிகள் கருத்தரங்கக் கூடத்தின் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. எந்தப் பலகை எந்தத் தாடிக்கு என்பதுதான் முன்னுரை சாருக்குத் தெரியவில்லை.

"யாரு சார் முதல்ல?" என்று ஏணியின் மூன்றாவது படியிலிருந்து கேட்டார் கல்லூரி எலக்ட்ரீஷியன். கையில் ட்ரில்லிங் மெஷின். வாயில் நான்கு திருகாணிகள்.

"பொறுங்க, யோசிச்சிட்டு இருக்கேன்."

"அரை மணி நேரமா யோசிக்கிறீங்க. பத்தரைக்கு நான் விடுதில தண்ணி மோட்டார் பார்க்கணும். ஏணியையும் எடுத்துட்டுப் போயிடுவேன்."

முன்னுரை என்பது அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் அல்ல, மாணவர்கள் வைத்தது. உளவியலின் வரலாறு என்ற பாடத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறார். ஒவ்வொரு வருடமும் "இது வெறும் முன்னுரைதான், விஷயத்துக்கு இனிமேதான் வரப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேர்வு வந்துவிடும்.

ஆனால் அந்த முன்னுரையை அவர் சொல்கிற அழகே தனி. எபிங்ஹாஸ் என்ற மனிதர், மனசு எப்படி மறக்கிறது என்று கண்டுபிடிக்க, அர்த்தமே இல்லாத அசைகளைத் தன்னந்தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் மனப்பாடம் செய்த கதையை ஆரம்பித்தால், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பான். வேறு எந்தப் பாடமும் அவருக்கு வராது. புள்ளியியல் கொடுத்துப் பார்த்தார்கள், மாணவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த ஒரு பாடத்துக்குத்தான் அன்றைக்குக் கத்தி தொங்கியது. பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. 'பழங்கதை யாருக்கு வேண்டும்?' என்று ஒரு குறிப்பு ஏற்கெனவே கோப்பில் ஏறியிருந்தது. குழு அதையே எழுதிவிட்டுப் போனால், பாடம் போகும். முன்னுரை சார் சேர்க்கைப் பிரிவுக்குப் போவார். அங்கே விண்ணப்பங்களில் புகைப்படம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும், ஓய்வு பெறும்வரை.

குழுவின் கண்ணைக் கவரத்தான் இந்தப் படங்களைக் கூடத்தில் மாட்டலாம் என்று அவரே யோசனை சொல்லியிருந்தார். வுண்ட், ஜேம்ஸ், எபிங்ஹாஸ், பாவ்லோவ், ஃப்ராய்டு, பினே என்று உளவியலின் முன்னோடிகள் ஆறு பேர். துறையை ஆரம்பித்தவர் எந்தக் காலத்திலோ வாங்கி, கேன்டீன் அடுப்படிக்கு எதிரே இருந்த நடையில் மாட்டிவிட்டுப் போன படங்கள். புகை படிந்து படிந்து கண்ணாடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. வகுப்புக்குள் நுழையும் முன் முன்னுரை சார் அதில்தான் தலைசீவிக்கொள்வார். பதினெட்டு வருடத்தில் அந்தக் கண்ணாடிகளில் அவர் பார்த்த ஒரே உளவியல் அறிஞர் அவரேதான்.

போன வாரம் படங்களைச் சுத்தம் செய்ய ஃப்ரேம் கடைக்கு அனுப்பும்போது, பித்தளைப் பலகைகள் கடையில் தொலைந்துவிடக் கூடாதே என்று தன் கையாலேயே கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். எந்தப் படத்தில் எது இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. 'எனக்குத் தெரியாதா என்ன!' என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இன்று காலை பார்சல் வந்தது. பிரித்தார். உள்ளே ஆறு பேரும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தாடியும் மீசையுமாக, 'சொல்லு பார்க்கலாம்' என்பது போல அவரைப் பார்த்தார்கள்.

கைப்பேசியில் தேடாமல் இருப்பாரா? தேடினார். ஒவ்வொருவருக்கும் இருபது முப்பது படம் வந்தது. தாடியோடு, தாடி இல்லாமல், தொப்பியோடு, வழுக்கையோடு. ஒப்பிட்டுப் பார்க்கப் பார்க்க எல்லாரும் எல்லார் மாதிரியும் இருந்தார்கள். ஒரு முகத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் எதிலும் அதுதான் தெரியும் என்று போன மாதம்தான் வகுப்பில் விளக்கியிருந்தார். விளக்கியதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஃப்ராய்டின் முகம் தெரியாதவர்கள் உண்டா? அவருக்கும் தெரியும். ஆனால் அந்த முகம்தான் இந்த ஆறில் இல்லை.

மனைவிக்குப் போன் செய்தார்.

"தெரியலைன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"பதினெட்டு வருஷம் பாடம் நடத்திட்டு, மூஞ்சி தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"இதுல வெட்கப்பட என்னங்க இருக்கு? பஸ் ஸ்டாப்ல யாரோ ஒருத்தரை எங்க அண்ணன்னு நினைச்சு, அம்மாவுக்கு ஆபரேஷன் எப்ப, வீட்டுக் கடன் எவ்வளவுன்னு கால் மணி நேரம் பேசிட்டு வந்தவர்தானே நீங்க? அந்த ஆளும் பாவம், கடைசிவரைக்கும் பதில் சொல்லிட்டு இருந்தாரு."

"அது இருட்டின நேரம்."

"மத்தியானம் ரெண்டு மணிங்க."

போனை வைத்துவிட்டார். வேறு வழியில்லை, துப்பறிய வேண்டியதுதான்.

"சார், இவர் பக்கத்துல நீளமா ஒரு சோபா கிடக்குதே" என்றார் எலக்ட்ரீஷியன், திருகாணிகளைக் கையில் துப்பிக்கொண்டு.

முன்னுரை சார் குனிந்து பார்த்தார். குண்டான மனிதர் ஒருவர் கொழுகொழுவென்று மெத்தை வைத்த நீளச் சோபாமேல் கையை ஊன்றிக்கொண்டு பெருமையாக நின்றார்.

"ஃப்ராய்டு!" என்று கத்தினார் முன்னுரை சார். "நோயாளிகளைப் படுக்க வெச்சுப் பேசச் சொல்வாரே, அந்தச் சோபாய்யா இது! இளமையில எடுத்த அபூர்வமான படம். அதான் முகம் பிடிபடலை."

அதற்கப்புறம் மடமடவென்று ஓடியது. ஒருவர் முன்னால் மேஜையில் ஒரு சின்ன மணி இருந்தது. மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்த பாவ்லோவ் அல்லாமல் வேறு யார்? ஒருவர் மடியில் குழந்தை. குழந்தைகளுக்கு அறிவுச் சோதனை வைத்த பினே. ஒருவர் படமெடுக்கும்போதே கண்ணை மூடிவிட்டிருந்தார். உலகத்திலேயே முதல் உளவியல் ஆய்வகம் வைத்து, உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்துச் சொல்லச் சொன்ன வுண்ட்! மிச்சம் இரண்டு பேர். ஒருவர் சிரித்தார், ஒருவர் முறைத்தார். இத்தனை அசையை மனப்பாடம் செய்தும் பைத்தியம் பிடிக்காமல் இருந்தவர் சிரித்த முகக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அவரை எபிங்ஹாஸ் ஆக்கினார். முறைத்தவர் ஜேம்ஸ்.

"பலகை மாட்ட பழைய ஓட்டையே காணோமே சார்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பாலிஷ் போடும்போது அடைச்சிருப்பாங்க. நல்ல வேலைக்காரங்க. நீங்க புதுசா போடுங்க."

ஆறு பலகையும் ஏறின. ஆறு படமும் சுவரில் ஏறின. முன்னுரை சார் கைகட்டி நின்று ரசித்தார். அந்த நிம்மதி சரியாக நான்கு நிமிடம் நீடித்தது.

பக்கத்து அறைப் புள்ளியியல்காரர் டீக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, பிரமாதம்! ஆனா... கண்ணை மூடியிருக்கிறவர் வுண்டா?"

"ஏன்?"

"எபிங்ஹாஸ் இல்லையோ? மனப்பாடம் பண்றவர் கண்ணை மூடிட்டுத்தானே பண்ணுவாரு?" நேற்றுதான் எபிங்ஹாஸோடு ஒரே பஸ்ஸில் வந்தவர் மாதிரி சொன்னார்.

முன்னுரை சார் கண்மூடியவரை நிமிர்ந்து பார்த்தார். 'இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. இதை வெளியில் விடக் கூடாது.'

"அட, ஆமா! இந்த எலக்ட்ரீஷியன் மாத்தி மாட்டிட்டாரு" என்றார்.

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு பலகைகளையும் கழற்றி மாற்றினார். முன்னுரை சார் அவர் கண்ணைப் பார்க்காமல் சன்னல் கம்பியைத் துடைத்தார்.

துறைத்தலைவி வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றார்.

"ஜேம்ஸ் இவ்வளவு கடுகடுன்னா இருப்பாரு? அவர் எழுத்தெல்லாம் படிச்சா எவ்வளவு கலகலப்பான மனுஷன்! சிரிக்கிறவர்தானே ஜேம்ஸ்?"

"அவர்தான் மேடம்."

"அப்ப ஏன் வுண்ட்னு போட்டிருக்கு?"

"எலக்ட்ரீஷியன் மேடம்" என்றார் முன்னுரை சார், குரலைத் தாழ்த்தி.

மறுபடியும் கழற்றல். வுண்ட் முறைக்கிறவருக்குப் போனார். அதைப் பார்த்துவிட்டுப் புள்ளியியல்காரர், அப்படியானால் குழந்தை வைத்திருப்பவர் பற்றியும் தனக்கு ஒரு சந்தேகம் என்றார். அது பாவ்லோவாம். சொந்தப் பேரனாம். மணி? மணி பினேயுடையதாம். பள்ளிக்கூடத்து மணியாம். துறைத்தலைவி "ஓ, அப்படியா!" என்றார். துறைத்தலைவியே சொன்னதால் முன்னுரை சாரும் "ஆமாமா" என்றார்.

போன வாரம் அவர் நடத்திய பாடம் ஞாபகம் வந்தது. ஆஷ் என்பவர் செய்த சோதனை. ஓர் அறையில் பலரை உட்கார வைத்து, ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோட்டில் எது அதே நீளம் என்று கேட்பார். முன்கூட்டியே பேசி வைத்திருந்த ஆட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தப்பாகச் சொல்வார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவி, கண்ணெதிரே சரியான விடை இருக்கும்போதே, நிறைய நேரம் அந்தத் தப்பையே தானும் சொல்வான். "எப்படிப்பட்ட மடையன் பாருங்க!" என்று வகுப்பே குலுங்கச் சிரிக்க வைத்திருந்தார்.

"சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "இந்த ஃப்ரேம்ல இனிமே ஓட்டை போட இடமில்லை. மரம் சல்லடை ஆயிடுச்சு. யாரு யாருன்னு முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடுங்க. மோட்டாராவது தான் யாருன்னு தெரிஞ்சு ஓடும்."

ஏணியோடு போயே விட்டார். அவர் வெளியே போன கதவு வழியாகவே ஆய்வுக் குழு உள்ளே வந்தது. மணி பத்து நாற்பது.

மூன்று பேர். குழுத்தலைவர் நெட்டையானவர். உளவியல் உலகத்தில் அவர் பார்க்காத புத்தகம் இல்லை, மடக்காத வாத்தியார் இல்லை என்று பேச்சு. இரண்டாமவர் தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர். மூன்றாவது, கண்ணாடி போட்ட ஓர் அம்மா. எதுவும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பாடத்தின் தலையெழுத்து அந்த நோட்டில்தான் இருந்தது.

யாரும் படத்தைப் பற்றிக் கேட்பதற்குள் பேச்சை ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்தார் முன்னுரை சார். கண்மூடிய தாடியின் கீழ் நின்று எபிங்ஹாஸைச் சொன்னார். தன்னையே சோதனை எலியாக வைத்துக்கொண்ட ஒரு மனிதனின் பிடிவாதத்தைச் சொன்னார். சிரித்த தாடியின் கீழ் நின்று, 'பயப்படுவதால் நாம் நடுங்கவில்லை, நடுங்குவதால்தான் பயப்படுகிறோம்' என்று ஜேம்ஸ் சொன்னதைச் சொன்னார். சொல்லும்போது அவர் கையே நடுங்கியது, அதனால் இன்னும் பயமாக இருந்தது. ஆனாலும் உண்மையில் நன்றாகப் பேசினார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்தக் கதைகளை இனிச் சொல்ல விடமாட்டார்களோ என்று நினைத்தபோது முன்னுரை சாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் குழுத்தலைவர்.

எழுந்து படங்களுக்குக் கிட்டே போனார். மணிக்காரரின் முன் நின்று, தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"இவரா பினே?"

புள்ளியியல்காரர் டீக் கோப்பையின் அடியில் எதையோ தேடினார். துறைத்தலைவி முன்னுரை சாரைப் பார்த்தார். முன்னுரை சார் எலக்ட்ரீஷியனைத் தேடினார். அவர் மோட்டாரோடு இருந்தார்.

"என்னங்க இது கூத்து? ஒரு பேராவது சரியா இருக்கா?" குழுத்தலைவரின் குரல் உயர்ந்தது. "வரலாற்றுப் பாடம் நடத்துற துறையில, வரலாற்று நாயகர்களையே தெரியலைன்னா..."

"அதானே!" என்றார் தலையாட்டுகிறவர்.

அந்த அம்மா பேனாவை மறுபடி எடுத்தார்.

சேர்க்கைப் பிரிவின் முத்திரைச் சத்தம் முன்னுரை சாரின் காதில் டக் டக்கென்று விழுந்தது. அந்த நிமிடத்தில் அவர் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"சார், நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க!"

"என்ன?"

"இது ஒரு சோதனை சார். பெயர்ப்பலகைகளை நான் வேணும்னேதான் மாத்தி மாட்டினேன். மனுஷங்க முகத்தை நம்புறாங்களா, பலகையை நம்புறாங்களான்னு பார்க்க. காலையிலேர்ந்து எத்தனை பேர் இந்த அறைக்குள்ள வந்தாங்க! இவர் வந்தாரு, மேடம் வந்தாங்க. எல்லாரும் பலகையைத்தான் படிச்சாங்க. நீங்க மட்டும்தான் முகத்தைப் பார்த்தீங்க. ஆஷோட சோதனையைப் பாடமா நடத்தாம, செஞ்சே காட்டணும்னு நினைச்சேன்."

சொல்லி முடித்ததும் தன் பொய்யின் தரத்தைப் பார்த்து அவருக்கே மலைப்பாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் இவ்வளவு கோர்வையாக ஒரு வகுப்புக்கூட எடுத்ததில்லை.

குழுத்தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்னையே சோதிச்சிருக்கீங்க!"

"மன்னிக்கணும் சார்."

"மன்னிப்பா? பலே! நாற்பது வருஷமா எத்தனையோ கல்லூரி பார்த்திருக்கேன். ஒருத்தர்கூட இப்படி யோசிச்சதில்லை. யாராவது ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டு வாங்க. ஏணி எங்கே?"

விடுதியிலிருந்து ஏணி திரும்பி வந்தது, கூடவே எலக்ட்ரீஷியனும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குழுத்தலைவர் கீழே நின்று கையை நீட்டி நீட்டிச் சொல்ல, பலகைகள் இடம் மாறின.

"மணி வெச்சிருக்கிறவர் வுண்ட். ஆய்வகத்துல நேரம் அளக்குற மணி அது. நான் மாணவனா இருந்தப்ப என் மேஜையில இதே படம்தான் இருந்துச்சு. இந்தச் சிரிப்பைப் பாருங்க, பாவ்லோவ். குழந்தையோட இருக்கிறவர் ஜேம்ஸ், குடும்பப் பாசம் முகத்துலயே எழுதியிருக்கு. கண்ணை மூடியிருக்கிறவர் பினே. அசந்திருக்காரு, பாவம், எத்தனை பிள்ளைங்களோட மல்லுக்கட்டினாரோ! முறைக்கிறவர் எபிங்ஹாஸ், சந்தேகமே வேண்டாம். சோபாக்காரர் மட்டும் நீங்க மாத்தாம விட்டுட்டீங்க, அது ஃப்ராய்டேதான்."

"ஃப்ராய்டேதான்!" என்றார் தலையாட்டுகிறவர்.

"எனக்கும் காலையிலயே தோணுச்சு" என்றார் துறைத்தலைவி.

"நான் சும்மா சொல்லாம இருந்தேன்" என்றார் புள்ளியியல்காரர்.

கண்ணாடி போட்ட அம்மா மட்டும் ஃப்ராய்டின் கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐந்து பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல படம்" என்று சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பினார்.

அறிக்கை அங்கேயே எழுதப்பட்டது. பாடம் தொடர வேண்டும். அதோடு நிற்காமல், இரண்டு பருவத்துக்கு நீட்டிக்க வேண்டும். முன்னுரை சாரின் முறையை மற்றக் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். முன்னுரை சாருக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. அந்த ஆறு பேரையும் நிமிர்ந்து பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். 'ஐயா, உங்களால் பிழைத்தேன். இனிமேல் உங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் கண்ணை மூடினாலும் தெரிகிற மாதிரி மனப்பாடம் செய்கிறேன்.'

நிஜமாகவே செய்தார். எல்லாரும் டீ குடிக்கிற நேரத்தில், படத்துக்குக் கீழே நின்று, வுண்ட் மணி, ஜேம்ஸ் குழந்தை, பாவ்லோவ் சிரிப்பு என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

பிறகு எல்லாரும் படங்களின் கீழே வரிசையாக நின்று, எலக்ட்ரீஷியன் கையில் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று அவர் சொன்ன நேரத்தில் ஃப்ரேம் கடைக்கார அம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்தார். "அப்பாடா!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், வண்டிக்காரர் பார்சலை மாத்திப் போட்டுட்டாரு. உங்க அறிஞருங்க ஆறு பேரும் இன்னும் எங்க கடையிலதான் இருக்காங்க, இவங்கல்லாம் மெத்தை வியாபாரிகள் சங்கத்தோட முன்னாள் தலைவருங்க!"